வேலை, மனநிறைவு, சமநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊழியர்களின் குறைகளைக் கேட்பதே பல ஆண்டுகளாக என் வேலை. புதிதாகச் சேர்ந்தவர், மேலாளர், ஓய்வுபெறப் போகிறவர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் சுற்றிச்சுற்றிச் சில சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"வேலை பிடிக்கவில்லை" என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேலை பிடிக்காமல் இல்லை. அதில் ஏதோ ஒன்று குறைகிறது, அல்லது ஏதோ ஒன்று அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது. அது எது என்று சரியாகச் சொல்லத் தெரிந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

வேலை என்றால் சம்பளத்துக்குத்தானே? அதில் போய் மனநிறைவை எதற்குத் தேட வேண்டும்?

தேடியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏமி ரெஸ்னெஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மனிதர்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சிலருக்கு அது பிழைப்பு. சம்பளம் வருகிறது, வாழ்க்கை வேறு இடத்தில் நடக்கிறது. சிலருக்கு அது முன்னேற்றம்; அடுத்த பதவி, அதற்கடுத்த பதவி. சிலருக்கு அந்த வேலையைச் செய்வதே பெரிது. காசு தேவைப்படாவிட்டாலும் செய்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஆய்வில் ஒரே மாதிரி வேலை பார்த்த அலுவலக உதவியாளர்களுக்குள்ளேயே இந்த மூன்று வகையினரும் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். வேலையின் பெயரை வைத்து மட்டும் அதை முடிவுசெய்ய முடியாது.

பிழைப்பாகப் பார்ப்பதை நான் குறைவாக நினைக்கவில்லை. நேரத்துக்கு வந்து, ஒழுங்காகச் செய்து, நேரத்துக்குக் கிளம்பி, பிள்ளைகளோடும் நண்பர்களோடும் நிறைவாக இருப்பவர்கள் நிறைய உண்டு. நீங்கள் வேலையிடம் எதிர்பார்ப்பதும் அது உங்களுக்குக் கொடுப்பதும் பொருந்தாமல் போகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

எல்லாரும் "பிடித்ததைச் செய்" என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லையே?

தெரியாமல் இருப்பது இயல்புதான். பிடித்த தொழில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, தேடினால் ஒருநாள் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் பலரை வாட்டுகிறது. பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஈடுபாடு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று நம்புகிறவர்கள், புதிய விஷயம் ஒன்று கடினமாக ஆரம்பித்ததும் சீக்கிரம் ஆர்வம் இழந்தார்கள். ஈடுபாடு வளர்த்துக்கொள்ளக் கூடியது என்று நினைத்தவர்களுக்கு ஆர்வம் அந்த அளவுக்குக் குறையவில்லை.

அதனால் நான் வேறு கேள்வி கேட்கச் சொல்வேன். எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை? எதில் தவறு நேர்ந்தால் ஓடிப்போகத் தோன்றாமல் திரும்பச் சரிசெய்யத் தோன்றுகிறது? மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? இந்த மூன்றுக்கும் வரும் பதில்கள் ஒரே திசையைக் காட்டினால் அங்கே ஒரு சிறு முயற்சி செய்து பாருங்கள். ஒரு மாலை வகுப்பு, ஒரு சின்னப் பொறுப்பு, அந்தத் துறையில் இருப்பவரோடு ஒரு மணி நேரப் பேச்சு. வேலையை விட்டுவிட்டுத் தேட வேண்டியதில்லை.

நல்ல சம்பளம், நல்ல ஆட்கள், வசதியான ஆபீஸ். ஆனாலும் காலையில் கிளம்ப மனசே வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இலேயே இதைப் பற்றிப் பேசிவிட்டார். வேலையில் அதிருப்தி தருபவையும் திருப்தி தருபவையும் வேறு வேறு என்றார். சம்பளம், மேலதிகாரி, பணிச்சூழல், அலுவலக விதிகள் எல்லாம் மோசமாக இருந்தால் மனம் வெறுக்கும். சரியாக இருந்தால் வெறுப்பு போகும், அவ்வளவுதான். மகிழ்ச்சிக்கு வேறு சில வேண்டும்: செய்து முடித்தோம் என்ற உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி, வேலையின் தன்மை. அவருடைய ஆய்வு முறையைப் பற்றிப் பின்னால் விமர்சனங்கள் எழுந்தன. ஆனாலும் "எல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவும் இல்லை" என்று சொல்லும் ஒருவருக்கு இந்தப் பிரிப்பு உடனே புரிகிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இதை இன்னும் எளிதாக்கினார்கள். மனிதருக்கு மூன்று தேவைகள் என்றார்கள்: தன் விருப்பப்படி செய்யும் சுதந்திரம், திறமை கூடுகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு மாலையும் இரண்டே வரி எழுதிப் பாருங்கள்: இன்று எப்போது உற்சாகமாக இருந்தேன், எப்போது வடிந்துபோனேன். பக்கத்தில் அந்த மூன்றில் எது இருந்தது, எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஒரே ஒன்றுதான் திரும்பத் திரும்பக் குறைவதாக வரும். பின்னால் வரும் பல பதில்களில் இந்த நோட்டை எடுக்கச் சொல்வேன், பத்திரமாக வைத்திருங்கள்.

அப்படியென்றால் சம்பளம் கூடினாலும் பயனில்லையா?

பயன் உண்டு. கடனும் வாடகையும் கழுத்தைப் பிடிக்கும்போது மனநிறைவைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் செய்த ஆய்வில், வருமானம் ஓரளவுக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று வந்தது. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021இல் அதற்கு மாறான முடிவைக் காட்டினார். 2023இல் கானமனும் அவரும் சேர்ந்தே தரவுகளை மறுபடி பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மிகவும் வருத்தத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவுவதில்லை. உங்கள் நோட்டில் சம்பளம் ஒரு காரணமாக வரவே இல்லை என்றால், சம்பள உயர்வு அந்தக் குறையைத் தீர்க்காது.

சமநிலை என்றால் தினமும் எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தூக்கமா?

அந்தக் கணக்கு, பிரிட்டனில் ஆலை முதலாளியாக இருந்த சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1817 வாக்கில் முழங்கியது. பதினாறு மணி நேரம்வரை ஆலைகளில் உழைத்த காலத்தில் அது பெரிய புரட்சி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைப் பற்றியதுதான். இன்று எட்டு மணி நேரத்தை நாம் சாதாரணமாக நினைப்பது, பலர் போராடி வாங்கிக் கொடுத்ததால். அதை மறக்கக் கூடாது.

ஆனால் ஒவ்வொரு நாளையும் அப்படிச் சமமாகப் பங்கு போட முடியாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் கணக்காளருக்கும், தேர்வு சமயத்தில் ஆசிரியருக்கும், குழந்தை பிறந்த புதிதில் பெற்றோருக்கும் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். சமநிலையை நாளில் பார்க்காமல் மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள். சாய்ந்தது திரும்பி வந்ததா? "இந்த மாதம் மட்டும்தான்" என்று போன ஆண்டும் சொன்னீர்களா?

எல்லை ஒன்று உண்டு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். எனக்கு வேலை பிடிக்கும், அதனால் பாதிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கமும் நடையும் குறைந்தால், வேலை பிடித்திருந்தாலும் உடம்பு விலை கொடுக்கத்தான் செய்யும்.

மணிக்கணக்குப்படி என் வேலை குறைவுதான். அப்புறம் ஏன் இவ்வளவு சோர்வு?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சோர்வை மணிக்கணக்கில் மட்டும் அளந்தால் விடை கிடைக்காது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த விளக்கம் உதவும்: வேலை நெருக்குவது ஒன்று, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இன்னொன்று. நெருக்கடி அதிகமாக இருந்தும் உரிமை இருந்தால் தாங்கலாம், வளரக்கூடச் செய்யலாம். நெருக்கடி அதிகம், உரிமை கொஞ்சமும் இல்லை என்றால் மனிதர் நொறுங்கிப் போகிறார்.

பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கி நடந்த வைட்ஹால் ஆய்வுகள் இதற்கு வலுவான சான்று. பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்ற பொது நம்பிக்கைக்கு நேர்மாறாக, கீழ்மட்டப் பணியில் இருந்த ஆண்களின் இதய நோய் இறப்பு, மேல்மட்டத்தில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவை அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. அதன் தொடர்ச்சியாக 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலைமேல் தனக்கே பிடி இல்லாத நிலை ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு அடுத்தவர் கோபத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய வேலைகள்: வாடிக்கையாளர் சேவை, வரவேற்பு மேசை, செவிலியர் பணி, விமானப் பணி. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் இதை உணர்ச்சி உழைப்பு என்று தனியாக எடுத்துக் காட்டினார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று எட்டு மணி நேரம் இருப்பதும் உழைப்புதான். அது சம்பளச் சீட்டில் வராது, வீட்டுக்கு மட்டும் வரும். உங்கள் வேலை இப்படியென்றால், ஆள் முகம் பார்க்காமல் செய்யும் வேலை தினமும் ஒரு மணி நேரமாவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆபீஸ் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்த வேண்டும் என்று முயன்றால் இன்னும் வேகமாக ஓடும். முடியாமல் கிடக்கும் வேலைதான் மனதை விடாமல் இழுக்கிறது. மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் செய்த ஆய்வில் மனதுக்கு இதமான ஒரு செய்தி இருக்கிறது: வேலையை முடிக்கத் தேவையில்லை, எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த இழுப்பு பெரிதும் குறைகிறது. அதனால் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள். "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது. "நாளை காலை முதல் வேலையாக மூன்றாம் பகுதியின் அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுத வேண்டும்.

மாலையில் என்ன செய்வது என்பதும் முக்கியம். ஓய்வைப் பற்றி நீண்ட காலமாக ஆராயும் சபீனா சோனென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007இல் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, நம் நேரத்தை நாமே தீர்மானிப்பது. சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதில் இரண்டாவது மட்டும் கொஞ்சம் கிடைக்கும். ஒரு வாத்தியம், விளையாட்டு, தோட்டம், மொழி வகுப்பு என்று கவனத்தை முழுசாகக் கேட்கும் எதுவும் மனதை வேகமாக விடுவிக்கும். களைப்பாக இருக்கும்போது அதற்குக் கிளம்பத் தோன்றாது. போய்வந்த பிறகு தெரியும்.

மேலாளர் இரவு பத்து மணிக்கு மெசேஜ் போடுகிறார். பதில் போடாமல் இருக்கலாமா?

முதலில் அவரிடமே கேளுங்கள்: "இரவில் வரும் செய்திகளுக்கு அப்போதே பதில் வேண்டுமா, காலையில் பார்த்தால் போதுமா?" பல மேலாளர்கள் மறந்துவிடக் கூடாதே என்று அனுப்பிவைக்கிறார்கள், நாமாகவே அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறோம். கேட்ட பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்யட்டும். செய்தி என்றால் காலையில். இதைத் தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அதற்காகத்தான் சட்டம் தேவைப்படுகிறது. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024இல் இதேபோன்ற உரிமை நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையென்றால் தனியாகப் போராடாதீர்கள். டீமாகச் சேர்ந்து ஒரு வழக்கத்தைக் கேட்டால் யார் மீதும் "இவர்தான் ஒத்துழைக்காதவர்" என்ற முத்திரை விழாது.

ஒரு வாரம் லீவு போட்டு வந்தும் தெளியவில்லை. இது வெறும் களைப்பா, பணிச்சோர்வா?

களைப்பு ஓய்வெடுத்தால் போகும். பணிச்சோர்வு, அதாவது பர்ன்அவுட், அப்படிப் போகாது. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மஸ்லாக் அதற்கு ஓர் அளவுகோலை உருவாக்கினார். மூன்று அடையாளங்கள்: வற்றிப்போன உணர்வு, வேலை மீதும் மனிதர்கள் மீதும் ஒரு கசப்பு அல்லது விலகல், நான் செய்வதால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்ற எண்ணம். முதலாவது மட்டும் இருந்தால் தூக்கமும் விடுமுறையும் உதவலாம். முன்பெல்லாம் அக்கறையோடு பேசிய நோயாளியிடமோ மாணவரிடமோ இப்போது எரிந்து விழுகிறீர்கள் என்றால் இரண்டாவது வந்துவிட்டது.

உலக சுகாதார அமைப்பு 2019இல் பணிச்சோர்வை வேலையோடு தொடர்புடைய நிலை என்று வகைப்படுத்தியது; நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வருவது என்றும் குறிப்பிட்டது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். மஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களில் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, முடிவெடுக்கும் உரிமை, கிடைக்கும் பலனும் பாராட்டும், உடன் வேலை செய்பவர்களோடு உறவு, நியாயம், மதிப்பீடுகள். எந்த இடத்தில் அடி விழுகிறது என்று பாருங்கள். பளுதான் காரணம் என்றால் லீவு கொஞ்சம் உதவும். நியாயம் இல்லை என்பதுதான் காரணம் என்றால், எத்தனை நாள் லீவு போட்டாலும் திரும்பி வரும் இடம் அதேதான்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வேலைக்கு வெளியேயும் எதிலும் மகிழ்ச்சி இல்லை என்றாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றே மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். மனச்சோர்வு வேறு, அதற்குச் சிகிச்சை உண்டு.

குடும்பம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. வேலையை மாற்றவும் முடியாது. எனக்கு இதெல்லாம் எதற்கு?

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியதை 2001இல் எழுதினார்கள். அதே பணி, அதே இடம். ஆனால் சிலர் தங்கள் வேலையைச் சுத்தம் செய்வது என்று மட்டும் பார்த்தார்கள். சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். அவர்கள் நோயாளிகளோடும் பார்க்க வருகிறவர்களோடும் பேசினார்கள், செவிலியரின் வேலை ஓட்டத்தைக் கவனித்துத் தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வேலையின் விளிம்புகளை அவர்களே கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள்.

ஆடம் கிராண்ட் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதோடு சேரும். பல்கலைக்கழகத்துக்குப் போனில் நிதி திரட்டியவர்கள், அந்த நிதியால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் போனில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரு மடங்குக்கும் மேல் கூடியிருந்தன. உங்கள் வேலையின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஒருமுறையாவது நேரில் பாருங்கள். பின்னறையில் பில் சரிபார்ப்பவருக்கும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார்.

இதில் ஓர் எச்சரிக்கை. சம்பளத்தைக் குறைத்துப் பளுவை ஏற்றும் நிறுவனம் "அர்த்தத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. முந்தைய பதிலில் சொன்ன ஆறு இடங்களில் நியாயமும் பளுவும் கெட்டிருக்கும்போது மனப்பார்வையை மாற்றுவது மருந்தாகாது.

எனக்கு என் வேலைதான் உயிர். எனக்கும் சமநிலை வேண்டுமா?

உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஸ்டூவர்ட் பன்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் இருவரும் மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். படித்தவர்கள், குறைந்த சம்பளம், அழுக்கும் ஆபத்தும் உள்ள வேலை. ஆனாலும் அதற்காகவே பிறந்தோம் என்ற உணர்வு பலரிடம் இருந்தது. அந்த உணர்வு அவர்களுக்கு ஆழ்ந்த அர்த்தம் தந்தது. அதே உணர்வால் வசதியையும் நேரத்தையும் விட்டுக்கொடுப்பது தங்கள் கடமை என்றும் நினைத்தார்கள். நிர்வாகம் சுரண்டுவதற்கும் அது இடம் கொடுத்தது.

ஆசிரியர், செவிலியர், கலைஞர், சமூகப் பணியாளர் எல்லாரிடமும் இதைப் பார்க்கலாம். வேலையை நேசிப்பதற்கும் உரிய சம்பளம் கேட்பதற்கும் முரண் இல்லை. வேலைக்கு வெளியே உங்களை உங்கள் பெயரால் மட்டும் அறிந்த சிலர், வேலையைப் பற்றிப் பேசாத ஒரு பழக்கம், இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அந்த வேலை என்றாவது கை நழுவினால் நிற்க இடம் வேண்டும்.

விட்டுவிடலாமா, இருக்கலாமா என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். எப்படித்தான் முடிவெடுப்பது?

உங்கள் நோட்டையும் மேலே சொன்ன ஆறு இடங்களையும் பக்கத்தில் வையுங்கள். பளு, உரிமை, பாராட்டு இவற்றில் குறை என்றால், போவதற்கு முன் ஒருமுறை தெளிவாகக் கேட்டுப் பாருங்கள். "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "இந்த இரண்டு பணிகளில் ஒன்றை வேறொருவருக்கு மாற்ற முடியுமா?" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். நியாயமும் மதிப்பீடுகளும் கெட்டிருந்தால் பேச்சுவார்த்தையால் மாறுவது அரிது. பொய் சொல்லி விற்கச் சொல்கிறார்கள் என்றால் கிளம்பும் வழியைப் பாருங்கள்.

ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் பெரிய முடிவில் தடுமாறி நின்ற ஆயிரக்கணக்கானவர்களை நாணயம் சுண்டச் செய்து பார்த்தார். பெரிய மாற்றத்தைச் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட ஆறு மாதம் கழித்து மகிழ்ச்சியாக இருந்தார்கள். தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்களின் கணக்கு இது, எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் நீண்ட நாள் தயங்குகிறவர்கள் இருப்பதன் பக்கம் தேவைக்கு மேல் சாய்கிறார்கள் என்பதை நானும் பார்க்கிறேன். "இத்தனை வருஷம் போட்ட உழைப்பு வீணாகிவிடுமே" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் இருந்தாலும் அது திரும்பாது, போனாலும் திரும்பாது.

முடிவெடுத்துவிட்டால் சில மாதச் செலவுக்குக் கையில் பணம், புதிய வேலைக்குக் கைக்கு வந்த பணி ஆணை, முறையான நோட்டீஸ் காலம் இவற்றைப் பாருங்கள். கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதத்தை ஒரு நாள் கழித்து அனுப்புங்கள்.

பதவி உயர்வு தருகிறார்கள். எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனமா?

இல்லை. நன்றாக நிரல் எழுதுகிறவரை, நன்றாகப் பாடம் நடத்துகிறவரை, அந்த வேலையையே விட்டுவிட்டு மற்றவர்களை மேற்பார்வை பார்க்கச் சொல்வதுதான் பல இடங்களில் பதவி உயர்வு. ஒரு வேலையில் சிறந்தவர் அடுத்த வேலையிலும் சிறப்பார் என்பது நிச்சயமில்லை என்று லாரன்ஸ் பீட்டர் 1969இலேயே எச்சரித்தார். புதிய பதவியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று அதில் ஏற்கெனவே இருப்பவரிடம் கேளுங்கள். அந்த நாள் உங்களுக்குப் பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை மட்டும் பிடித்திருந்தால் யோசியுங்கள். மறுப்பதென்றால் வேறு விதமான வளர்ச்சியை அதே பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்வமில்லாதவர் என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஆனால் வீட்டில் எல்லாம் என் தலையில். எனக்கு எங்கே சமநிலை?

இதைக் கேட்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். இதற்கு நேர மேலாண்மை யோசனை சொல்வது அநியாயம் என்று நினைக்கிறேன். ஆறு மணிக்கு ஆபீஸ் முடிந்து ஆறரைக்கு இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கினால், அந்த ஷிஃப்ட் குறைந்தால்தான் நிலைமை மாறும்.

பேசும்போது செய்கிற வேலையை மட்டும் பங்கு போடாதீர்கள். நினைவில் வைத்திருக்கும் வேலையையும் பங்கு போடுங்கள். பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாள், அத்தையின் மருந்து, தீர்ந்துபோன சோப்பு: இவற்றை யார் கவனித்து, யார் திட்டமிட்டு, யார் செய்கிறார்கள்? "சொன்னால் செய்கிறேன்" என்பதில் கவனிப்பதும் திட்டமிடுவதும் உங்களிடமே தங்கிவிடுகிறது. ஒரு பொறுப்பை முழுசாக ஒப்படையுங்கள். அவர் தன் முறையில் செய்யட்டும், குறுக்கே போகாதீர்கள்.

நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. இனிமேல் தொழில் மாற முடியுமா?

முடியும். ஆனால் இருபத்தைந்தில் மாறுவது போல எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டாம். துறையை மாற்றுங்கள், திறமையை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது திறமையை மாற்றுங்கள், துறையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதில்தான் சம்பளமும் நம்பிக்கையும் சேர்ந்து விழுகின்றன.

வேலை போய்விட்டது. பணத்தைக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் நான் யார் என்றே தெரியவில்லை.

ஓய்வுபெற்றவர்களும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். வியன்னாவுக்கு அருகே மரியென்டால் என்ற சிற்றூரில் நூற்பாலை மூடியதும் ஊரே வேலை இழந்தது. மரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்தும் மக்கள் நூலகத்தில் முன்பைவிடக் குறைவாகவே புத்தகம் எடுத்தார்கள். ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நின்று நின்று போனார்கள். அன்று என்ன செய்தோம் என்று அவர்களால் சொல்லவே முடியவில்லை.

பின்னாளில் யஹோடா இதற்கு விளக்கம் சொன்னார். சம்பளத்தோடு சேர்த்து வேலை இன்னும் ஐந்தைச் சத்தமில்லாமல் தருகிறது: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் பங்கு, ஓர் அடையாளம், செய்தே ஆக வேண்டிய செயல். இவை ஐந்தும் ஒன்றாகப் போனதால்தான் உங்களுக்குத் தரையே இல்லாதது போல இருக்கிறது. ஒன்றாகத் திரும்பி வராது, தனித்தனியாக வரும். முதலில் நேர ஒழுங்கைப் பிடியுங்கள், மற்றவை அதன் மேல்தான் உட்காரும். எழும் நேரம் ஒன்று, வீட்டை விட்டு வெளியே போகும் நேரம் ஒன்று. அடுத்து, நீங்கள் வராவிட்டால் ஒருவராவது "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் இடம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்: மாலைப் பாட வகுப்பு, நூலகம், முதியோர் இல்லம், தொழில் சங்கம், எதுவானாலும் சரி. வேலைக்கு விண்ணப்பிப்பதைத் தினமும் காலையில் இரண்டு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பதில் வராத ஒவ்வொரு மணி நேரமும் ஒரு நிராகரிப்பாகத் தோன்றும்.